முந்நூறு மில்லிமீட்டர் புல்லி

பயம் வந்தால் எனக்கு வாய் ஓயாது. பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டரைச் சிரிக்கவைத்து, அவர் கை ஆடி, பக்கத்துப் பல்லுக்கும் சேர்த்து வலி வாங்கிக்கொண்டு வந்தவன் நான். அந்த வியாழக்கிழமை மாலை வகுப்பிலும் அதேதான். மேடம் என் அசைன்மென்ட் நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, திறந்து பார்ப்பதற்கு முன்பே, "நோட்டு ரொம்ப கனமா இருக்குதே மேடம், மார்க்கை அள்ளிப் போட்டுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். பின்வரிசை சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. திறந்தேன். பத்துக் கணக்கில் ஏழின்மேல் சிவப்பு மை குறுக்கே ஓடியிருந்தது. கீழே, அழகான கையெழுத்தில்: "மறுபடி செய்து திங்கள் மாலைக்குள் காட்டவும். இல்லையென்றால் கையெழுத்து இல்லை."

கையெழுத்து இல்லையென்றால் ஹால்டிக்கெட் இல்லை. இந்தப் பேப்பரில் நான் ஏற்கெனவே இரண்டு முறை மண்ணைக் கவ்வியிருந்தேன். மூன்றாவது முறையும் போனால் பதிவு ரத்தாகிவிடும், முதல் வருஷத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று ஆபீஸில் முன்பே சொல்லியிருந்தார்கள். எனக்கு வயது நாற்பத்தேழு. இந்த வேகத்தில் போனால் டிப்ளமோவும் முதியோர் பென்ஷனும் ஒரே தபாலில் வரும்.

இந்த வயதில் இது எதற்கு என்றால், இடுப்புக்காக. நானும் என் மனைவியும் ஆரணியில் வீட்டிலேயே பாவு ஓட்டுகிறோம். பட்டு நூலைப் பெரிய டிரம்மில் சுற்றி, தறிக்கு வேண்டிய நீளத்துக்கு அளந்து கொடுக்கிற வேலை. முப்பது வருஷம் டிரம்மைத் தள்ளித் தள்ளி இடுப்பு என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டது. ஊருக்கு வெளியே தானியங்கித் தறிகள் போட்டிருக்கும் ஒரு கம்பெனியில், பாவுப் பிரிவுக்கு சூப்பர்வைசர் தேடினார்கள். மேனேஜருக்கு என்னைப் பிடித்துவிட்டது. ஆனால், "படிச்சுகினு இருக்கேன்னு சொன்னா போதாதுங்க. ஜூன் வரைக்கும் எடத்தை வெச்சிருக்கேன், பாஸ் பண்ண பேப்பரை கையில எடுத்துகினு வாங்க" என்று சொல்லிவிட்டார். ஜூனுக்கும் எனக்கும் நடுவில் நின்றது இந்த ஒரு பேப்பர்தான். பேப்பருக்கும் எனக்கும் நடுவில் நின்றது ஏழு கணக்கு.

மேடத்திடமே போய்க் கேட்டிருக்கலாம். கேட்க முடியாதபடி முதல் நாளே நான் என் வாயால் ஒரு சுவர் எழுப்பியிருந்தேன். புல்லிச் சக்கரம், அதைச் சுற்றி ஓடும் பெல்ட் என்று அவர் கரும்பலகையில் வரைந்தபோது, "இதெல்லாம் நாங்க அரை டிராயர் போட்ட காலத்துலயே சுத்திப் பார்த்தது மேடம்" என்று பெருமை அடித்திருந்தேன். வகுப்பில் எல்லோரும் இருபது, இருபத்திரண்டு வயதுக்காரர்கள். என்னை அங்கிள் என்பார்கள். சுற்றிப் பார்த்த அங்கிளுக்கு ஏழு தப்பு.

வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை. மனைவி டிரம்மில் நூல் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு டிரம்மைச் சுற்றி நடந்தேன்.

"இன்னாங்க, ஒரு எடத்துல நில்லுங்க. நூலு எண்ணிகினு கீறேன், நீங்க குறுக்க குறுக்க வந்தா எனக்கு எண்ணிக்கை போவுது."

"எனக்கு வாழ்க்கையே போவுது, உனக்கு எண்ணிக்கைதான் பெருசா?"

"ஏழு கணக்கு தப்பாப் போட்டதுக்கா? மளிகை லிஸ்ட்ல நீங்க ஏழு ஐட்டம் மறந்துட்டு வர்றப்ப இப்படி பதறுனதே இல்லியே."

"அதுக்கு ஹால்டிக்கெட் வேணாமே!"

"அப்ப யாரையாச்சும் கேளுங்க. தெரியாதுன்னு சொல்றதுக்கு வாய் வலிக்குமா? மத்ததுக்கெல்லாம் வலிக்கல."

எனக்கு விளங்காதது இதுதான். முதல் மூன்று கணக்கு சரி. இந்த புல்லி இத்தனை வேகத்தில் சுற்றினால் அந்த புல்லி எத்தனை வேகத்தில் சுற்றும் என்ற கணக்குகள். டிக் அடித்திருந்தது. நாலாவதிலிருந்து எல்லாமே தப்பு. அதுவும் கொஞ்சநஞ்சத் தப்பு இல்லை. முந்நூறு மில்லிமீட்டர் புல்லி நிமிஷத்துக்கு அறுநூறு சுற்று சுற்றினால் பெல்ட்டின் வேகம் என்ன? நொடிக்கு மூன்று மீட்டர் என்று எழுதியிருந்தேன். மேடம் பக்கத்தில் 9.42 என்று எழுதியிருந்தார். பெருக்கலைப் பத்து முறை சரிபார்த்தேன். கால்குலேட்டரின் பேட்டரியைக்கூட மாற்றிப் பார்த்தேன். மூன்றுதான் வந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க போனோடு மல்லுக்கு நின்றேன். கணக்கைப் படம் பிடித்துப் போட்டால் விடை சொல்லும் ஒரு ஆப் உண்டு. போட்டேன். வரிசையாக எழுதிக்காட்டிவிட்டு 9.42 என்றது. எனக்குக் கோபம் வந்தது. "தப்பு, விடை மூன்று" என்று தட்டினேன். அது உடனே, "நீங்கள் சொல்வது சரி. குழப்பத்துக்கு மன்னிக்கவும். விடை மூன்று" என்றது. ஒரு நிமிஷம் நெஞ்சு குளிர்ந்தது. அப்புறம் சந்தேகம் வந்து, "எங்கள் மேடம் 9.42 என்கிறாரே" என்று கேட்டேன். "உங்கள் மேடம் சொல்வது சரி" என்றது. அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிய பிள்ளை மாதிரி யார் பக்கத்தில் நின்றாலும் தலையாட்டுகிறது. என் பள்ளிக்கூட வாத்தியார்கள் என்னை அடித்திருக்கிறார்கள், பெஞ்சுமேல் ஏற்றியிருக்கிறார்கள், ஒருவர்கூட என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. மன்னிப்புக் கேட்கிற வாத்தியாரை நம்பி எப்படிப் பரீட்சைக்குப் போவது?

கேட்கக்கூடிய ஆள் ஒருவர் இருந்தார். அதுதான் பெரிய பேஜார். பிளஸ் டூவில் என்னோடு படித்தவர், இப்போது தேவிகாபுரத்தில் குடியிருக்கும் பிசிக்ஸ் டீச்சர். அந்தக் காலத்தில் அவருடைய பிராக்டிகல் ரெக்கார்டை வாங்கிப் பார்த்து எழுதியபோது, அவருடைய ரோல் நம்பரையும் சேர்த்து எழுதிக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் நான். அவர் பாஸாகி மேலே படிக்கப் போனார். நான் பிசிக்ஸில் ஃபெயிலாகி டிரம்முக்குப் போனேன். எப்போதாவது கடைத்தெருவில் பார்த்தால் ஒரு ஜோக் சொல்லிவிட்டு ஜல்தியாக நகர்ந்துவிடுவேன்.

சனிக்கிழமை காலையில் அவருக்கு மெசேஜ் எழுதினேன். அழித்தேன். "சும்மாதான்" என்று தொடங்கினேன். அழித்தேன். கடைசியில் ஒன்றும் எழுதாமல் நோட்டின் படத்தை மட்டும் அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது: "தலைகீழா கீது." திருப்பி அனுப்பினேன். "இது எந்த ஊரு பிசிக்ஸ்?" என்று கேட்டார். அடுத்தது: "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஆராதனை முடிஞ்சதும் வீட்டுக்கு வா. நோட்டோட வா. ஜோக்கோட வராத."

ஆராதனை பதினொன்றுக்கு முடியும் என்றார். நான் ஒன்பதரைக்கே தேவிகாபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன். வழியெல்லாம் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்த பிடியில் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா, "இன்னாப்பா, ஒடம்பு முடியலியா? மருந்து ஏதாச்சும் வெச்சுகினு கீறியா?" என்று கேட்டுவிட்டார். சர்ச்சுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நோட்டோடு முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தவனை வாசலில் நின்றவர் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க பிரதர், இன்னாத்துக்கு வெளிய நின்னுகினு" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய் ஆண்கள் பக்கத்தில் உட்காரவைத்தார். எல்லோரும் எழுந்தபோது எழுந்தேன். எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தபோது பதற்றத்தில் நானும் நோட்டைத் திறந்துவிட்டேன். பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்து, மெதுவாக, "இது எத்தனாவது பாட்டு பிரதர்?" என்றார்.

"ஏழாவது கணக்குங்க."

அவர் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, தலையை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடினார். எனக்காகத்தான் பாடுகிறார் என்று தோன்றியது.

டீச்சர் வீடு சர்ச்சுக்குப் பின்தெரு. மேசைமேல் நோட்டை விரித்து, தலைமேல் ஏற்றியிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். நாலாவது கணக்கை இரண்டு தடவை படித்தார். ஐந்தாவது, ஆறாவது. நெற்றி சுருங்கிக்கொண்டே போனது.

"யோவ், பெருக்கல் சரியா கீது. வகுத்தல் சரியா கீது. விடை மட்டும் ஏன்யா இப்படி கீது?"

"அதைக் கேக்கத்தான் பஸ் ஏறி வந்தேன் டீச்சர்."

"பெல்ட் வேகத்துக்கு ஃபார்முலா தெரியுமா?"

"தெரியுமே. விட்டத்தை 3.14 ஆல பெருக்கி, சுத்து எண்ணிக்கையால பெருக்கி, அறுபதால வகுக்கணும்."

"தெரிஞ்சுகினே 3.14ஐ ஏன் வுட்டுட்ட?"

"சுத்தளவைத்தான் கேள்வியிலயே குடுத்துட்டாங்களே. அப்புறம் இன்னாத்துக்கு இன்னொரு தடவை பெருக்கணும்?"

"யாரு குடுத்தா? எங்க குடுத்தா?"

"முந்நூறு மில்லிமீட்டர் புல்லின்னு போட்டுகீறாங்க பாருங்க."

அவர் பேனாவை என் கையில் கொடுத்தார். "அந்த புல்லிய வரைஞ்சு காட்டு."

ஒரு வட்டம் போட்டேன். அவசரத்தில் அது கொஞ்சம் கத்தரிக்காய் மாதிரி வந்தது. முந்நூறு எங்கே இருக்கிறது, அதையும் குறி என்றார். வட்டத்தின் ஓரமாகவே ஒரு அம்புக்குறியை வளைத்துக்கொண்டு போய்ப் புறப்பட்ட இடத்தில் சேர்த்து, பக்கத்தில் 300 என்று எழுதினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இது ஏன்யா இப்படி சுத்திகினு போவுது?"

"பின்ன எப்படிப் போவும்? முந்நூறு புல்லின்னா சுத்தி முந்நூறுதான? எங்க வூட்ல இருக்கறது அஞ்சு மீட்டர் டிரம். ஒரு சுத்து சுத்துனா அஞ்சு மீட்டர் நூலு ஏறும். நாலு சுத்துக்கு இருபது மீட்டர் பாவு."

"குறுக்கால எவ்ளோ?"

"குறுக்காலயா? அதை யாரு அளந்தா?"

உண்மையாகவே யாரும் அளந்ததில்லை. பாவு ஓட்டுகிறவனுக்கு டிரம்மின் வயிறு எவ்வளவு அகலம் என்பது தேவையே இல்லை. ஒரு சுற்றுக்கு எவ்வளவு நூல் போகிறது, அதுதான் டிரம்மின் அளவு, அதுதான் அதன் பெயர். ஆசாரியிடம் டிரம் செய்யச் சொல்லும்போதும் சுற்றைத்தான் சொல்வோம். குறுக்களவு அவர் பாடு. முப்பது வருஷமாக ஒவ்வொரு நாளும் ஒரு வட்டத்தைத் தள்ளியிருக்கிறேன், ஒரு தடவைகூட அதன் குறுக்கே கோடு போட்டதில்லை.

டீச்சர் என் கத்தரிக்காயின் நடுவில் நேராக ஒரு கோடு கிழித்தார்.

"உன் டிரம்முக்கு அது சரி. இஞ்சினீருங்க முந்நூறு புல்லின்னு சொன்னா இந்தக் கோடு முந்நூறு. சுத்துனது இல்ல, குறுக்கால. இதை எட்டாங்கிளாஸ்லயே சொல்லிக் குடுத்தாங்க. நீ அன்னிக்கு இன்னா பண்ணிகினு இருந்த?"

"யாரையாச்சும் சிரிக்க வெச்சுகினு இருந்திருப்பேன்."

"இப்ப என்னை வெக்கிற." அவர் பக்கத்தைப் புரட்டினார். "இங்க பாரு. முறுக்குவிசைக்கு ஆரம் வேணும். அதுக்கு முந்நூறை ரெண்டாலயும் 3.14 ஆலயும் வகுத்துகீற. இது யார் குடுத்த ஐடியா?"

"நானேதான். சுத்தளவைக் குடுத்து ஆரத்தை ஒளிச்சு வெச்சுட்டான், கேள்வி எழுதுனவன் பெரிய கில்லாடின்னு நெனச்சேன். அதைக் கண்டுபிடிச்ச நான் அவனுக்கும் மேலன்னு நெனச்சேன்."

டீச்சர் சிரிக்கத் தொடங்கினார். உள்ளே இருந்து அவர் கணவர் டீயோடு வந்து, மேசைமேல் இருந்த வட்டத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், டீயை வைத்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

"அப்ப முதல் மூணு கணக்கு எப்படி சரியாச்சு?" என்று கேட்டேன்.

"அது ஒரு புல்லிக்கு இன்னொரு புல்லி எத்தினி பங்குன்னு பாக்கற கணக்கு. ரெண்டையும் ஒரே மாதிரி தப்பா அளந்தா தப்புக்குத் தப்பு அடிபட்டுப் போவும். மத்தது எல்லாத்துலயும் உன் விடை 3.14 மடங்கு கம்மி. ஏழு கணக்குலயும் அதே மடங்குதான்யா. ஏழு தப்பு இல்ல, ஒரே தப்பு. ஏழு தடவை பண்ணிகீற."

இதைக் கேட்டு நான் நிம்மதியாகியிருக்க வேண்டும். அங்கேயே உட்கார்ந்து ஏழையும் திருத்திப் போட்டேன். 9.42 வந்தது. முறுக்குவிசைக்கு நாற்பத்தைந்து வந்தது. எல்லாம் மேடம் எழுதிய விடைகள். ஆனால் பஸ்ஸில் ஏறியதும் அடுத்த பயம் தொற்றிக்கொண்டது. வட்டத்தையே முப்பது வருஷம் தப்பாகப் பார்த்தவன் வேறு எதையெல்லாம் தப்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்? டிரைவர் பிடித்திருந்த ஸ்டீயரிங்கைப் பார்த்தேன், மனசுக்குள் குறுக்கே கோடு கிழித்தேன். எதிரே வந்த லாரியின் டயரைப் பார்த்தேன், கோடு கிழித்தேன். பக்கத்து சீட்டுக்காரரின் வழுக்கைத் தலையைப் பார்த்ததும் எனக்கே என்மேல் பயம் வந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் டேப்பை எடுத்து டிரம்மைக் குறுக்கே அளந்தேன்.

"இன்னாங்க, டிரம்மை விக்கப் போறீங்களா?"

"விட்டம் பாக்கறேன். நூத்தி அம்பத்தி ஒம்போது சென்டிமீட்டர். 3.14 ஆல பெருக்கினா..." பெருக்கினேன். ஐந்து மீட்டருக்கு முக்கால் சென்டிமீட்டர் குறைந்தது. "ஏய், முக்கால் சென்டிமீட்டர் காணோம்!"

"முப்பது வருசமா சுத்துது. தேயாதா? உங்களை அளந்து பாருங்க, அதுக்கு மேல தேஞ்சு போயிகீறீங்க. போய் சாப்பிடுங்க."

திங்கள் மாலை மேடத்தின் மேசைமுன் நின்றேன். அவர் ஏழு கணக்கையும் பார்த்தார். ஏழும் சரி. அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது.

"வியாழக்கிழமை ஏழு தப்பு. இன்னிக்கு ஏழும் ரைட்டு. போன்ல பார்த்து எழுதினீங்களா சார்?"

என்னை அவர் எப்போதும் சார் என்றுதான் கூப்பிடுவார். சந்தேகப்படும்போது அந்த சாருக்கு ஒரு தனி எடை.

"இல்ல மேடம். போன் என்கிட்ட மன்னிப்புக் கேட்டுச்சு, அதோட வுட்டுட்டேன்."

"ஜோக் வேணாம் சார். இதை இங்கயே போட்டுக் காட்டுங்க." ஒரு தாளில் எழுதித் தள்ளினார். நானூறு மில்லிமீட்டர் புல்லி, நிமிஷத்துக்கு முந்நூறு சுற்று. பெல்ட்டின் ஒரு பக்கத்து இழுப்பு எண்ணூறு நியூட்டன், மறுபக்கம் முந்நூறு. திறன் எவ்வளவு?

சொல்வதற்கு ஒரு ஜோக்கும் கிடைக்கவில்லை. அதுதான் உண்மையான பயம் என்று அப்போது தெரிந்தது. ஃபார்முலாவை நினைத்துப் பார்த்தேன். முன்தினம் டீச்சரிடம் கடகடவென்று ஒப்பித்தது இப்போது ஒரு எழுத்துகூட வரவில்லை. தாளில் ஒரு வட்டம் போட்டேன், குறுக்கே கோடு கிழித்தேன், கோட்டின்மேல் 0.4 என்று எழுதினேன். இதற்குமேல் என்ன என்று புரியாமல் நின்றேன். அப்புறம் எனக்குத் தெரிந்த கேள்வியைக் கேட்டுக்கொண்டேன். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நூல் போகும்? 0.4ஐ 3.14 ஆல் பெருக்கினேன். 1.256 மீட்டர். நிமிஷத்துக்கு முந்நூறு சுற்று என்றால் நொடிக்கு ஐந்து சுற்று. அப்படியென்றால் நொடிக்கு 6.28 மீட்டர் நூல். இழுப்பு எண்ணூறில் முந்நூறு போக ஐந்நூறு. பெருக்கினேன். 3140 வாட்.

மேடம் தாளை வாங்கிப் பார்த்தார்.

"விடை சரி. ஆனா ஃபார்முலா எங்க?"

"ஒரு சுத்துக்கு எவ்ளோ போவுதுன்னு தெரிஞ்சா மத்தது தானா வந்துடும் மேடம். எங்களுக்கு அப்படித்தான் பழக்கம்."

"பெல்ட் போவுதுன்னு எழுதாம நூல் போவுதுன்னு எழுதியிருக்கீங்க."

பார்த்தேன். எழுதியிருந்தேன். "ரெண்டும் ஓடுறதுதான மேடம்" என்றேன்.

மேடத்தின் உதடு ஓரத்தில் லேசாக ஒன்று அசைந்தது. சிரிப்பு என்று சத்தியம் செய்ய மாட்டேன். "போன்ல பார்த்து எழுதுறவங்க இப்படி எழுத மாட்டாங்க. ஆனா பரீட்சையில ஃபார்முலாவை முதல்ல எழுதுங்க சார், இல்லன்னா திருத்துறவங்க மார்க்கைக் குறைச்சுடுவாங்க" என்று சொல்லி, என்னையே மேலே ஃபார்முலாவை எழுதவைத்து, நோட்டில் கையெழுத்துப் போட்டார். தேதி போட மறந்தார். ஆபீஸில் தேதி கேட்பார்களே என்று நான் பதறியதில் தேதியையும் போட்டு, கூடவே நேரத்தையும் எழுதிக் கொடுத்தார்.

ஆபீஸுக்கு ஓடினேன். கிளார்க் ஆறு மணிக்கு மூடிவிடுவார். நோட்டைப் புரட்டி, லிஸ்ட்டில் என் பெயருக்கு நேராக ஒரு டிக் அடித்து, "அவ்ளோதான், ஹால்டிக்கெட் வந்துடும். ஏன் நின்னுகினே கீறீங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்றார். உட்கார முடியவில்லை. வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டேன்.

"கையெழுத்து வாங்கிட்டேன்."

"போதும்டா சாமி. அப்புறம் இன்னாத்துக்கு இன்னும் மூச்சு வாங்கிகினு பேசறீங்க?"

உண்மைதான், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. காரணம் அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வியாழனிலிருந்து அந்தக் கையெழுத்தைத் துரத்திக்கொண்டு ஓடியதில், அது எதற்காக என்பதையே மறந்துபோயிருந்தேன்.

"பரீட்சை கீதுடி" என்றேன். "அதையும் எழுதணுமாம்."